கீரிப்படைக் குடும்பமும் இரண்டு காட்டுச் சட்டமும்

சிற்றாற்றுக்கு இந்தக் கரையில் நாவல்காடு. அந்தக் கரையில் மூங்கில்காடு. இரண்டு காட்டுக்கும் சேர்த்து ஒரே காவல்படைதான் இருந்தது. அது கீரிப்படை.

மலைப் பாறைகளிலிருந்து பாம்புகள் இறங்கி வந்து பறவைகளின் முட்டைகளை விழுங்கிவிட்டுப் போகும். அவற்றை எல்லையிலேயே மறித்து விரட்டுவதுதான் கீரிப்படையின் வேலை. ஒரே காவலர் ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால், அவர் எப்போது வருவார், எப்போது அசருவார் என்பது பாம்புகளுக்குப் பழகிவிடும். அதனால் இரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை காவலர்களைக் காடு மாற்றிவிடுவார்கள்.

நாவல்காட்டு எல்லையில் செங்கோடன் என்று ஒரு கீரி காவல் இருந்தான். அவன் மனைவி நாச்சி, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர். முயல், மான், மயில் என்று அவள் கட்டாத கால் இல்லை. அவர்கள் மகள் பொன்னரி பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தாள். மரம் ஏறுவதில் வகுப்பிலேயே முதல்!

வைகாசி மாதத் தொடக்கத்தில் ஒரு கிளி பறந்து வந்து உத்தரவைச் சொன்னது.

“செங்கோடா! பத்து நாளில் மூங்கில்காட்டு எல்லைக்குப் போய்ச் சேர வேண்டும்!”

செங்கோடன் மனைவியைப் பார்த்தான். “நமக்கும் மாற்றல் வந்துவிட்டது, நாச்சி. உன் வைத்தியம் இப்போதுதான் நன்றாக நடந்துகொண்டிருக்கிறது.”

“அதனால் என்னங்க? மூங்கில்காட்டில் யாருக்கும் கால் ஒடியாதா? எனக்கு அங்கேயும் வேலை இருக்கும்!” என்றாள் நாச்சி.

“எனக்கு அங்கேயும் மரம் இருக்கும்!” என்றாள் பொன்னரி.

மூவரும் சிரித்துக்கொண்டே ஒரு மரக்கட்டையில் ஏறி ஆற்றைக் கடந்தார்கள்.

அக்கரையில் இறங்கியதும் எழுத்தரிடம் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். மூங்கில்காட்டு எழுத்தர் ஒரு முள்ளம்பன்றி. பெயர் ஊசிமுத்து. நல்லவர்தான். ஆனால் எழுதி வைத்த விதி ஒன்றை மீறச் சொன்னால் அவர் உடம்பிலுள்ள முள்ளெல்லாம் எழுந்து நின்றுவிடும்.

“முதலில் குடியிருக்க ஒரு வளை வேண்டும், ஐயா” என்றான் செங்கோடன்.

“தாராளமாகத் தரலாம்! இந்தக் காட்டில் மூன்று மாதம் குடியிருந்தவர்களுக்கு வளை உண்டு. மூன்று மாதம் கழித்து வாங்க!”

“வளை இல்லாமல் மூன்று மாதம் எங்கே குடியிருப்பது?”

ஊசிமுத்து விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “அதைப் பற்றி இதில் ஒன்றும் எழுதவில்லையே!” என்றார்.

நாச்சி தன் சான்றை எடுத்து நீட்டினாள். அகலமான நாவல் இலையில் அழகாக எழுதிய சான்று. “நான் எலும்பு வைத்தியர். இன்றைக்கே வேலையைத் தொடங்கலாமா?”

“செல்லாது!”

“ஏன் செல்லாது?”

“இது நாவல் இலை. இங்கே மூங்கில் இலையில் எழுதினால்தான் செல்லும். நீங்கள் இந்தக் காட்டு எலும்பு வைத்தியர் ஒருவரிடம் ஒரு வருஷம் பயிற்சி எடுத்தால், மூங்கில் இலையில் எழுதித் தருவோம்.”

“சரி. இங்கே எலும்பு வைத்தியர் யார்?”

“யாரும் இல்லை.”

“பிறகு யாரிடம் பயிற்சி எடுப்பது?”

“அதுதான் எனக்கும் புரியவில்லை!” என்றார் ஊசிமுத்து. அவருக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் விதி விதிதானே!

அடுத்து பள்ளிக்கூடம். அங்கே வாத்தியார் ஒரு நீர்நாய். “உன் பெண்ணுக்கு நீச்சல் தெரியுமா?” என்று செங்கோடனிடம் கேட்டார்.

“நாவல்காட்டில் முதலில் மரமேற்றம், நாலாம் வகுப்பில்தான் நீச்சல், ஐயா.”

“இங்கே முதல் வகுப்பில் நீச்சல், நாலாம் வகுப்பில் மரமேற்றம். ஆகவே இவள் முதல் வகுப்பு!”

பொன்னரி பால்மணம் மாறாத நீர்நாய்க் குட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். அவள் தலை மட்டும் தனியாக மேலே தெரிந்தது. அன்று மாலை வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒரு மரத்திலும் ஏறவில்லை.

வீடு என்று எதைச் சொல்வது? ஒரு மருதமரத்தின் வேர் இடுக்கில்தான் மூவரும் ஒண்டியிருந்தார்கள். ஆனி பிறந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. மேலே ஒழுகியது. கீழே ஊறியது. பொன்னரிக்கு இருமல் வந்தது.

எல்லையில் நின்ற செங்கோடனுக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. மழை பெய்யும்போதெல்லாம், ‘இப்போது வேர் இடுக்கில் தண்ணீர் ஏறியிருக்குமோ!’ என்று நினைப்பு ஓடிவிடும். ஒருநாள் அப்படி அவன் திரும்பிப் பார்த்த நேரத்தில் ஒரு நாகம் அவன் காலடியிலேயே ஊர்ந்து எல்லையைக் கடந்துவிட்டது. கடைசி நொடியில் பாய்ந்து வாலைப் பிடித்து இழுத்தான். இல்லாவிட்டால் காடைக் குடும்பம் ஒன்று அன்றைக்கே முட்டைகளை இழந்திருக்கும்.

அன்று அவன் படைத்தலைவரிடம் போனான். “ஐயா, நான் வேலையை விட்டுவிடுகிறேன். பழைய இடத்துக்கே குடும்பத்தோடு போகிறேன்” என்றான்.

படைத்தலைவர் பெருமூச்சு விட்டார். “இந்த மாதத்தில் இப்படி வந்து நிற்கிற எட்டாவது ஆள் நீ. எல்லோருக்கும் ஒரே குறைதான். நீங்கள் எட்டுப் பேரும் போய்விட்டால், ஆவணியில் பறவைகள் முட்டையிடும்போது எல்லையில் யார் நிற்பது?”

செங்கோடன் வந்து மனைவியிடம் சொன்னான்.

“அவசரப்படாதீங்க. ஆடியில் நாவல் பழ விழா வருகிறது. இரண்டு காட்டுத் தலைவர்களும் ஆற்று நடுப்பாறையில் சந்திப்பார்கள். அன்றைக்கு நான் பேசிப் பார்க்கிறேன். அதுவரைக்கும் பொறுங்கள்.”

“நீ பேசி அவர்கள் கேட்பார்களா?”

“கேட்க வைக்கிறேன், பாருங்கள்!” என்றாள் நாச்சி.

ஆடி வந்தது. மழை சற்றே ஓய்ந்த ஒரு பகலில் நடுப்பாறையில் கூட்டம் கூடியது. நாவல்காட்டுத் தலைவர் கொம்பையா வந்தார். அவர் ஒரு பெரிய கடமான். மூங்கில்காட்டுத் தலைவி கரியம்மை வந்தாள். அவள் ஒரு கரடி. இருவரும் நல்ல நண்பர்கள். இருவருக்கும் தங்கள் தங்கள் காட்டுச் சட்டத்தின்மேல் கொள்ளைப் பெருமை.

நாச்சி முன்னே வந்து வணங்கிவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“அடடா! தப்பு எங்கள்மேல் இல்லை. நாவல்காட்டுக்காரர்கள் மூங்கில் இலையில் எழுதித் தந்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லையே!” என்றாள் கரியம்மை.

“எங்கள் காட்டில் மூங்கிலே கிடையாது!” என்றார் கொம்பையா. “தவிர, மூங்கில் இலை எவ்வளவு ஒல்லி! அதில் என் பெயரை எழுதினால் ‘கொம்’மோடு நின்றுவிடும். உங்கள் சட்டத்தை மாற்றுங்கள்!”

“உங்கள் சட்டத்தை மாற்றுங்கள்!”

இருவர் குரலும் ஏறியது. நாச்சி நடுவில் புகுந்தாள்.

“பெரியவர்களே! இரண்டு சட்டமும் நல்ல சட்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பந்தயம்! மூன்றே நாள். தலைவியம்மா நாவல்காட்டில் புதுக்குடியாக இருக்கட்டும். தலைவரையா மூங்கில்காட்டில் புதுக்குடியாக இருக்கட்டும். பதவி கிடையாது. விதி எப்படியோ அப்படி. மூன்று நாளும் நீங்கள் சுகமாக இருந்துவிட்டால், இனி நாங்கள் யாரும் குறை சொல்ல மாட்டோம்!”

கரியம்மை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “மூன்று நாள்தானே! எங்கே போனாலும் எனக்குத் தேன் கிடைக்கும். நான் தயார்!”

“ஆற்றைத் தாண்டினால் எனக்குப் புல் கிடைக்காதா? நானும் தயார்!” என்றார் கொம்பையா.

இருவரும் தங்கள் எழுத்தருக்கு, “யாராயிருந்தாலும் விதிப்படியே நடத்து!” என்று உத்தரவு சொல்லி அனுப்பிவிட்டு அடுத்தவர் கரைக்குப் போனார்கள்.

நாவல்காட்டு எழுத்தர் ஒரு மலையணில். பார்க்கத்தான் சின்ன உருவம். குரல் எட்டு ஊருக்குக் கேட்கும்.

“குகை வேண்டும்” என்றாள் கரியம்மை.

“மூன்று மாதம் கழித்து!” என்றது அணில்.

“போகட்டும். அதோ அந்த மரத்தில் தேன்கூடு இருக்கிறது. ஏறி எடுத்துக்கொள்கிறேன்.”

“நில்லுங்கள்! தேன் எடுக்கச் சான்று இருக்கிறதா?”

கரியம்மை பெருமையோடு மூங்கில் இலையை நீட்டினாள்.

“செல்லாது! இந்தக் காட்டுக் கரடி ஒருவரிடம் ஒரு வருஷம் பயிற்சி எடுங்கள்.”

“இந்தக் காட்டில் கரடி ஏது?”

“இல்லை!” என்றது அணில், கொஞ்சமும் சிரிக்காமல். “இன்னொன்று. நீங்கள் மரம் ஏறக் கற்றது மூங்கில்காட்டில். அது இங்கே கணக்கில் வராது. நாளைக் காலையில் முதல் வகுப்புக்கு வந்துவிடுங்கள்!”

மறுநாள் குட்டிக் குரங்குகளுக்கு நடுவில் கரியம்மை ஒரு கருங்குன்று போல உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் நனைந்ததில் அவள் ரோமம் சடை சடையாகத் தொங்கியது. பக்கத்தில் இருந்த குட்டி ஒன்று அவளை ஏற இறங்கப் பார்த்தது.

“அக்கா! நீங்க எத்தனை தடவை ஃபெயில்?” என்று கேட்டது.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கரியம்மை சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். ‘அந்தக் கீரிப் பெண்ணும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள்?’ என்று அவளுக்குத் தோன்றியது.

அதே நேரம் அக்கரையில் கொம்பையா ஆற்றோரம் நீச்சல் வகுப்பில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் நீர்நாய்க் குட்டிகள். பக்கத்தில் பொன்னரி.

“முதல் பாடம்! எல்லோரும் மூக்கை மட்டும் நனையுங்கள்!” என்றார் வாத்தியார்.

“ஐயா, நான் இந்த ஆற்றை ஆயிரம் தடவை நீந்தியிருக்கிறேன்!” என்றார் கொம்பையா.

“எந்தக் கரையிலிருந்து?”

“அந்தக் கரையிலிருந்து.”

“அப்படியானால் அது கணக்கில்லை. மூக்கை நனையுங்கள்!”

கொம்பையா குனிந்தார். பொன்னரி கத்தினாள்: “தாத்தா! பார்த்துக் குனியுங்கள், கொம்பு என் முதுகில் குத்துது!”

கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னரியும் சிரித்தாள். இந்தக் காட்டுக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த பாடம், பாறையிலிருந்து பாய்வது. வாத்தியார் பாய்ந்து காட்டுவதற்காகப் பாறைமேல் ஏறினார். மழைப் பாசியில் கால் வழுக்கியது. ‘தொப்’பென்று கற்களுக்கு நடுவில் விழுந்தார். முன்னங்கால் ஒடிந்து மடங்கிவிட்டது!

“அம்மா! ஓடி வாங்க!” என்று அலறினாள் பொன்னரி.

நாச்சி பட்டைச் சிம்பும் கொடி நாரும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். சத்தம் கேட்டு ஊசிமுத்துவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“நில்லுங்கம்மா! மூங்கில் இலைச் சான்று இல்லாமல் கட்டுப்போட்டால் குற்றம்!”

“காலத்தாழ்வு செய்தால் கால் கோணிப்போய்விடும், ஐயா! வாத்தியார் பிறகு எப்படி நீந்துவார்?” என்றாள் நாச்சி.

கொம்பையா முன்னால் வந்தார். “ஊசிமுத்து! போன வருஷம் என் பின்னங்காலைக் கட்டியதே இவள்தான். பார், எப்படி நிற்கிறேன்! இவளுக்கு நான் பொறுப்பு!”

“உங்கள் சொல்லும் இங்கே செல்லாது, ஐயா. நீங்கள் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது!”

ஒரு காட்டையே ஆள்கிற தலைவர்! ஆனால் ஆற்றின் இந்தப் பக்கத்தில் ஒரு நல்லவளுக்காக அவர் சொன்ன நல்ல வார்த்தைக்கு மதிப்பில்லை.

வாத்தியார் வலியில் முனகினார். ஊசிமுத்து அவரைப் பார்த்தார். விதிப்புத்தகத்தைப் பார்த்தார். எழுந்து நின்ற அவர் முட்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

“அம்மா, நான் கண்ணால் பார்த்தால்தான் குற்றம் என்று எழுத வேண்டும்” என்றார் அவர். “நான் அந்த மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று நூறு வரைக்கும் எண்ணப் போகிறேன்.”

திரும்பி நின்றார். எண்ணினார். தொண்ணூற்றொன்பது வந்ததும் நிறுத்தி, “முடிந்ததா?” என்று கேட்டார்.

“இன்னும் இரண்டு முடிச்சு இருக்கிறது!” என்றாள் நாச்சி.

“சரி, எண்ணிக்கையில் எங்கேயோ தப்பு விட்டுவிட்டேன். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்!” என்றார் ஊசிமுத்து.

கட்டு முடிந்தது. வாத்தியார் கண்ணைத் திறந்து நாச்சியைப் பார்த்தார். பிறகு பொன்னரியைப் பார்த்தார். “என்னை மன்னித்துவிடம்மா” என்றார். அதை அவர் தாயிடம் சொன்னாரா, மகளிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. இருவரும் தலையசைத்தார்கள்.

மூன்றாம் நாள் நடுப்பாறையில் இரண்டு தலைவர்களும் வந்து நின்றார்கள். கரியம்மையின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. கொம்பையாவின் மூக்கு நனைந்து நனைந்து வெளுத்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடக்க முடியாமல் சிரித்தார்கள். பாறையே அதிர்ந்தது.

சிரித்து முடித்ததும் கரியம்மை நாச்சியின் பக்கம் திரும்பினாள்.

“பந்தயத்தில் நாங்கள் தோற்றோம், அம்மா. மூன்று நாளில் எனக்கே என் காட்டுக்கு ஓடிப்போய்விடலாம் என்றிருந்தது. நீங்கள் எங்களைக் காப்பதற்காக ஊர் மாறுகிறீர்கள். நாங்களோ ஒவ்வொரு தடவையும் உங்களை முதல் வகுப்பில் உட்கார வைக்கிறோம்.”

“சட்டத்தை மாற்ற வேண்டியது நீயா நானா என்று கேட்டதுதான் தப்பு. இருவரும் சேர்ந்து மாற்றுவோம்!” என்றார் கொம்பையா.

அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். ஒரு காட்டில் வாங்கிய வைத்தியச் சான்று, எந்த இலையில் இருந்தாலும் மற்றக் காட்டிலும் செல்லும் என்று முடிவானது. காவலர் பிள்ளைகள் விட்டுவந்த வகுப்பிலேயே தொடரலாம், விட்டுப்போன பாடத்தை மாலையில் தனியாகக் கற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதினார்கள்.

“வளை?” என்று கேட்டான் செங்கோடன்.

இதற்கு வழி சொன்னது தலைவர்கள் இல்லை, ஊசிமுத்து. “மாற்றல் உத்தரவு போடுகிற அன்றைக்கே எனக்கு ஒரு தகவல் வந்தால் போதும். அவர்கள் வந்து இறங்குவதற்குள் நான் ஒரு வளையைச் சுத்தம் செய்து வைத்துவிடுவேன். தகவல் அனுப்ப வேண்டியவர் அந்தக் காட்டு எழுத்தர்தான். அவரை நான் பார்த்ததே இல்லை.”

கூட்டத்துக்குள்ளிருந்து மலையணில் துள்ளி வந்தது. “நீங்கள்தான் ஊசிமுத்துவா? இருபது வருஷமாக உங்கள் கையெழுத்தைச் செல்லாது, செல்லாது என்று தள்ளிக்கொண்டிருக்கிறேனே!”

“ஐயோ! நானும் உங்கள் கையெழுத்தை அப்படித்தான் தள்ளிக்கொண்டிருக்கிறேன்!” என்றார் ஊசிமுத்து.

இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். முள் இருப்பது ஞாபகம் வந்து, தள்ளி நின்று கும்பிட்டுக்கொண்டார்கள். அன்று நாவல் பழம் தின்று எல்லோருடைய நாக்கும் ஊதா நிறமாகிவிட்டது.

அடுத்த நாளே செங்கோடன் குடும்பத்துக்கு மேட்டு நிலத்தில் வளை கிடைத்தது. நாச்சியின் வாசலில் நொண்டிக்கொண்டு வருகிறவர்களின் வரிசை நீண்டது. பொன்னரி மூன்றாம் வகுப்புக்குப் போனாள். மாலையில் நீர்நாய்க் குட்டிகள் அவளுக்கு நீச்சல் சொல்லித் தந்தன. பதிலுக்கு அவள் அவற்றுக்கு மரமேற்றம் சொல்லித் தந்தாள். உலகத்திலேயே மரம் ஏறும் நீர்நாய்கள் அந்தக் காட்டில்தான் இருந்தன. இறங்கத்தான் அவற்றுக்குக் கொஞ்சம் பயம்!

வேலையை விடுவதாகச் சொன்ன எட்டுக் கீரிகளும் எல்லையில் உறுதியாக நின்றன. ஆவணியில் பறவைகள் முட்டையிட்டன. பாறையிலிருந்து இறங்கிய பாம்புகள் வந்த வழியே திரும்பின. செங்கோடன் அந்தப் பருவம் முழுவதும் ஒருமுறைகூட வேலையிலிருந்து கவனம் சிதறித் திரும்பிப் பார்க்கவில்லை. புரட்டாசியில் காடெங்கும் குஞ்சுகளின் கூச்சல் காதைத் துளைத்தது. அந்தக் கூச்சலைப் போல இனிய சத்தம் காவலர்களுக்கு வேறு இல்லை.

அடுத்த மாற்றலில் அக்கரையிலிருந்து ஓர் இளம் கீரித் தம்பதி இரண்டு கைக்குழந்தைகளோடு வந்து இறங்கினார்கள். கரையில் ஒரு முள்ளம்பன்றி காத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அந்தத் தாய் தயங்கி நின்றாள்.

“வாங்கம்மா, வாங்க!” என்றார் ஊசிமுத்து. “வளை சுத்தமாக இருக்கிறது. உள்ளே காய்ந்த புல் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் குழந்தைகளைப் படுக்க வையுங்கள். பெயரை நாளைக்குப் பதிந்துகொள்ளலாம்!”

நம்மைக் காப்பதற்காக ஊர் ஊராக மாறிப் போகிறவர்களின் குடும்பம் அலைக்கழியாமல் பார்த்துக்கொள்வது, எல்லா ஊர் ஆட்சியும் ஒன்றுகூடிச் செய்ய வேண்டிய கடமை.